சர்க்கார் சம்பளத்தில் வென்ற இரண்டு கோப்பைகள்

"கல்கத்தாக்காரன் பணத்தக் கொட்டி டீமு வைப்பான். கோவாக்காரன் கம்பெனிக்காரன நம்பி டீமு வைப்பான். மாசச் சம்பளத்துக்கு சர்க்கார் வேல பாத்துக்கிட்டு, அடுத்தடுத்து ரெண்டு வருசம் பெடரேஷன் கப்பு அடிச்சது நம்ம போலீஸ் டீமு மட்டுந்தான். முன்னாலயும் கெடையாது, பின்னாலயும் கெடையாது. வேணும்னா தேடிப் பாருங்க தம்பி."

திருவனந்தபுரம் ஆரியசாலையில் மொத்தப் பலசரக்குக் கடை வைத்திருக்கும் ஒரு அண்ணாச்சி என்னிடம் சொன்னது இது. கேரள கால்பந்து அணிகளின் சாதனைகளைத் தொகுக்க முயன்றுகொண்டிருந்த எனக்கு, சரிபார்க்கத்தக்க ஒரு கூற்று கிடைத்துவிட்டது. பெருமைப் பேச்சு என்று ஒதுக்க மனம் வரவில்லை. கடைத்தெருவில் முப்பது வருடத்துக்கு மேல் உயிரோடு இருக்கும் ஒரு நினைவில் ஏதாவது உண்மை இருக்கத்தான் செய்யும்.

சாலைக் கடைத்தெருவைத் திவான் ராஜா கேசவதாஸ் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் உருவாக்கினார். அதன் ஓர் அங்கமான ஆரியசாலையில் இன்றும் தமிழ் கேட்காத கடை வரிசை இல்லை. நவராத்திரிக்குப் பத்மநாபபுரத்திலிருந்து புறப்பட்டு வரும் வேளிமலைக் குமாரசுவாமி தங்குவது இங்குள்ள தேவி கோயிலில்தான். 1956இல் குமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்த பிறகும் இந்தப் போக்குவரத்து நிற்கவில்லை. நெல்லை, குமரிப் பக்கத்து வியாபாரிகள் மலையாள நாட்டின் கால்பந்து வெறியைத் தங்கள் வெறியாகவே எடுத்துக்கொண்ட இடம் இது.

என் தேடலுக்கு ஓர் அளவுகோல் ஏற்கெனவே இருந்தது. இங்கிலாந்தின் வடக்கே ரக்பி லீக் ஆடும் தொழில்முறை கிளப்புகள் தங்கள் சாதனைகளைப் பாதுகாக்கும் விதம் எனக்கு எப்போதும் வியப்பு. முதல் ஆட்டத்தில் இறங்கிய வரிசைப்படி ஒவ்வொரு வீரருக்கும் ஒரு மரபு எண் உண்டு. ஒரே ஓர் ஆட்டம் ஆடியவருக்கும் அது உண்டு, நூறாண்டு கழிந்தாலும் அந்த எண் அவருடையதுதான். 1872இல் தொடங்கிய விகன் கிளப்பில் ஜிம் சல்லிவன் 4,883 புள்ளிகள் எடுத்தார், பில்லி பாஸ்டன் 478 டிரைகள் போட்டார் என்று அங்குள்ள பள்ளிப் பிள்ளைகூட ஆதாரத்தோடு சொல்லிவிடும். 1988 முதல் 1995 வரை தொடர்ந்து எட்டு ஆண்டுகள் சேலஞ்ச் கோப்பையை விகன் வென்றது. ஒவ்வொரு இறுதியாட்டத்திலும் யார் யார் ஆடினார்கள், யார் மாற்றாக இறங்கினார்கள் என்பதெல்லாம் அச்சில் இருக்கிறது.

அதே காலத்தில்தான் கேரள போலீஸ் அணி தன் இரண்டு கோப்பைகளை வென்றது.

விகனுக்கும் போலீஸ் அணிக்கும் இன்னொரு உறவும் உண்டு. ரக்பி லீக் பிறந்ததே கூலிப் பிரச்சினையில். சனிக்கிழமை ஆட்டத்துக்குப் போனால் சுரங்கத்திலும் ஆலையிலும் அரைநாள் கூலி போய்விடும். அந்த இழப்பை ஈடுகட்ட லண்டன்வாசிகள் கையிலிருந்த ரக்பி சங்கம் ஒத்துக்கொள்ளவில்லை. 1895 ஆகஸ்டில் ஹடர்ஸ்ஃபீல்டு நகரத்து ஜார்ஜ் ஓட்டலில் கூடிய வடக்கத்தி கிளப்புகள் பிரிந்து தனிச் சங்கம் அமைத்தன. ஏழை வீட்டுப் பையன் ஆடவும் வேண்டும், வீட்டில் அடுப்பும் எரிய வேண்டும் என்ற அதே பிரச்சினைக்கு நம் நாடு கண்ட வழி அரசாங்க வேலை. ரயில்வே, வங்கி, பொதுத்துறைத் தொழிற்சாலை, போலீஸ் எல்லாம் வேலையைக் கொடுத்து ஆட்டக்காரர்களைச் சேர்த்தன. திருவனந்தபுரத்தில் டைட்டானியம் தொழிற்சாலைக்கு ஓர் அணி இருந்தது. ஸ்டேட் பேங்க் ஆஃப் திருவாங்கூருக்கு ஓர் அணி இருந்தது. போலீஸுக்கும் இருந்தது.

தேடலில் முதல் சங்கடம் எங்கே தேடுவது என்பதே. ஆரியசாலையிலிருந்து நடந்தே கோட்டைக்குள் இருக்கும் ஆவணக் காப்பகத்துக்குப் போய்விடலாம். பத்மநாபசுவாமி கோயிலின் மதிலகம் ஆவணங்கள் அங்கே ஓலைச் சுருணைகளாக இருக்கின்றன. பல நூற்றாண்டுகளுக்கு முன் எந்தத் திருவிழாவுக்கு எவ்வளவு நெல் அளந்தார்கள் என்பதை அவற்றில் படிக்கலாம். 1990இல் கோப்பை வென்ற அணியை அங்கே தேடிப் பயனில்லை. துறை அணி என்பது துறையின் ஒரு கோப்பு. பணிநியமனம், இடமாற்றம், படிக்காசு என்று காகிதங்கள் பல பிரிவுகளுக்குப் போகும். கோல் போட்ட கணக்குக்கு அதில் இடமே இருந்ததில்லை. கிளப்புக்கு ஒரு செயலாளர் இருப்பார், ஆண்டறிக்கை போடுவார். துறைக்கு அந்தத் தேவையும் இல்லை.

ஆகவே பத்திரிகைதான் கதி. தமிழ்ப் பத்திரிகை கிடைத்தால் எனக்கு வசதி. தினமலர் 1951இல் பிறந்ததே திருவனந்தபுரத்தில்தான், ஆனால் 1957இலேயே திருநெல்வேலிக்குப் போய்விட்டது. மலையாள நாளிதழ்களின் பைண்டு செய்த தொகுதிகளைப் புரட்டினேன். ஒரு நூலகத்தில் எனக்கு வேண்டிய விளையாட்டுப் பக்கத்தையே யாரோ பிளேடால் நேர்த்தியாக வெட்டி எடுத்துப் போயிருந்தார்கள். அந்தப் பக்கத்தின் பின்பக்கச் செய்திகளும் அதோடு போய்விட்டன. சாதனை மேல் உள்ள ஆசையே சாதனையின் தடயத்தை அழித்துவிட்டதைப் பார்த்தபோது வந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

இரண்டாவது சங்கடம் ஆண்டு. ஒரு பட்டியலில் கேரள போலீஸ் வெற்றி 1989-90 என்று இருக்கும், இன்னொன்றில் 1990 என்று இருக்கும். அடுத்தது 1990-91 என்றும் 1991 என்றும் வரும். கவனமில்லாமல் கூட்டினால் இரண்டு கோப்பை மூன்றாகிவிடும். ஒருவர் பெருக்கிவிட்டால் பின்னால் வருபவர்கள் எல்லாம் அதையே எடுத்து எழுதுவார்கள். மாநிலங்களுக்கிடையிலான சந்தோஷ் டிராபியிலும் இதே தொல்லை உண்டு. அணித் தலைவர் மணியின் ஹாட்ரிக்கால் ரயில்வேயை 3-2 என்று வென்று கேரளம் முதன்முறை கோப்பையைத் தொட்டது 1973 டிசம்பரில், எர்ணாகுளத்தில். அதையும் 1973-74 என்று போடும் பட்டியல்கள் உண்டு.

இந்தச் சிக்கலை அவிழ்த்தது அண்ணாச்சி கடைதான். கடையின் மேல்மாடத்திலிருந்து ஒரு பழைய பேரேட்டை இறக்கிக் கொடுத்தார். சிவப்புத் துணி அட்டை, நீளவாக்கில் தைத்த பழுப்புத் தாள்கள். முன்பாதியில் மிளகாய் வற்றல், மல்லி, கொப்பரை வரவு. பின்பாதியில் மைதாப் பசையால் ஒட்டிய மலையாளப் பத்திரிகைத் துணுக்குகள். பசை இருந்த இடமெல்லாம் பாச்சை அரித்துச் சல்லடையாக இருந்தது. ஒட்டியவர் பத்திரிகையின் தேதியை விட்டுவிட்டுப் படத்தை மட்டும் நறுக்கியிருக்கிறார். ஆனால் ஒவ்வொரு துணுக்கின் ஓரத்திலும் கணக்குப்பிள்ளைத் தமிழ்க் கையெழுத்தில் கொல்லம் ஆண்டு எழுதியிருந்தது. திருச்சூர் வெற்றிப் படத்துக்கு 1165. கண்ணூர் வெற்றிப் படத்துக்கு 1166.

"இது யார் எழுத்து அண்ணாச்சி?"

"எங்க அப்பா எழுத்து. அவருக்கு இங்கிலீசு மாசமே கணக்கு கெடையாது."

அந்தப் பழக்கம் எனக்குப் பெரிய உதவி. கொல்லம் 1165 என்பது 1989 ஆகஸ்டு நடுவில் தொடங்கி 1990 ஆகஸ்டில் முடியும் ஆண்டு. கால்பந்து சீசனும் கிட்டத்தட்ட அதே எல்லைக்குள்தான் ஓடுகிறது. ஆக, 1989-90, 1990, 1165 மூன்றும் சுட்டுவது ஒரே ஆட்டம். 1990இல் திருச்சூரில் சல்காவ்கரை 2-1 என்று வென்றது ஒன்று. 1991இல் கண்ணூரில் மும்பையின் மஹிந்திரா அண்டு மஹிந்திராவை 2-0 என்று வென்றது மற்றொன்று. கோப்பைகள் இரண்டுதான்.

இனி அண்ணாச்சியின் கூற்றுக்கு வரலாம். ஃபெடரேஷன் கோப்பை 1977இல் எர்ணாகுளத்தில் தொடங்கியது. முதல் கோப்பையை மோகன் பகானை 1-0 என்று வீழ்த்தி பெங்களூரின் இந்தியன் டெலிபோன் இண்டஸ்ட்ரீஸ் எடுத்தது. அது மத்திய அரசின் பொதுத்துறை அணி. 1979இல் எல்லைப் பாதுகாப்புப் படை வென்றது. இரண்டுக்கும் அதன் பிறகு இந்தக் கோப்பை கிடைக்கவில்லை. 1978, 1980 ஆண்டுகளில் மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் பகிர்ந்துகொண்டன. 1981இலிருந்து பார்த்தால் பட்டியல் ஒரு விநோதமான நடை போடுகிறது. மோகன் பகான் இரண்டு தடவை, முகமதன் ஸ்போர்ட்டிங் இரண்டு தடவை, நடுவே 1985இல் ஈஸ்ட் பெங்கால், மீண்டும் மோகன் பகான் இரண்டு தடவை, கோவாவின் சல்காவ்கர் 1988, 1989 என்று இரண்டு தடவை. திருச்சூரில் சல்காவ்கர் இறங்கியது மூன்றாவது கோப்பைக்காக. அவர்களைத் தடுத்தவர்கள் போலீஸ் வேலையிலிருந்த பையன்கள்.

பின்னாலும் பார்க்க வேண்டும் அல்லவா? 1992 முதல் மோகன் பகான் தொடர்ந்து மூன்று. பிறகு பஞ்சாபின் ஜே.சி.டி. ஆலை அணி, ஈஸ்ட் பெங்கால், சல்காவ்கர், மஹிந்திரா யுனைடெட், டெம்போ, சர்ச்சில் பிரதர்ஸ், பெங்களூரு என்று போய், 2017இல் பெங்களூரு வென்றதோடு போட்டியே நின்றுவிட்டது. ஆலைகளும் கம்பெனிகளும் தனியார் கிளப்புகளும் இருக்கின்றன, அரசுத் துறை ஒன்றுகூட இல்லை. கேரளத்திலிருந்தும் வேறு அணி இல்லை. மொத்தப் பட்டியலிலும் அரசு அணிகள் மூன்று, அவற்றில் இரண்டு முறை வென்றது ஒன்றே ஒன்று. அண்ணாச்சியின் கூற்று எழுத்துக்கு எழுத்து சரி.

அந்த அணியில் யார் இருந்தார்கள் என்று பார்த்தால் காரணம் புரியும். வி.பி. சத்யன், ஐ.எம். விஜயன், சி.வி. பாப்பச்சன், யு. ஷரஃப் அலி, குரிகேஷ் மாத்யூ, கோல்கீப்பர் கே.டி. சாக்கோ. விஜயன் திருச்சூர் ஸ்டேடியத்தில் சோடா விற்ற பையன். பதினேழு, பதினெட்டு வயதில் போலீஸ் அணிக்கு வந்தவர். தான் சோடா விற்ற ஊரில் தேசியக் கோப்பையைத் தூக்கிய ஆட்டக்காரரின் பெயர் போலீஸ் அணியின் சாதனைப் பட்டியலில் முதல் வரியில் இருக்க வேண்டும்.

இதோடு வேலை முடியவில்லை. இந்த ஆட்களின் இன்னொரு பாதிச் சாதனை வேறொரு பெயரில் மறைந்து கிடக்கிறது. 1988 முதல் 1991 வரை வரிசையாகச் சந்தோஷ் டிராபி இறுதியாட்டங்களில் தோற்ற கேரளம், 1992இல் நம் கோயம்புத்தூரில் கோவாவை 3-0 என்று வென்றது. தலைவர் சத்யன். அடுத்த ஆண்டு கொச்சியில் மகாராஷ்டிரத்தை 2-0 என்று வென்றபோது தலைவர் குரிகேஷ் மாத்யூ. பட்டியலில் கேரளம் என்று மட்டும்தான் இருக்கும். தலைவர்கள் இருவரும் போலீஸ் அணியில் வளர்ந்தவர்கள் என்பது ஆட்டக்காரர்களின் பெயரைப் பிடித்துக்கொண்டு போனால்தான் தெரியும்.

அணி கலைந்த கதையையும் பெயர்கள்தான் சொல்கின்றன. 1991இல் விஜயன் மோகன் பகானுக்குப் போனார், திரும்பி வந்தார், மறுபடி போனார். சத்யனும் கல்கத்தாவுக்குப் போனார். கல்கத்தா கொடுத்த பணத்தைப் போலீஸ் சம்பளம் எப்படி எட்டும்? போனதைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. 1895இல் வடக்கத்திச் சுரங்கத் தொழிலாளி கேட்டதைத்தான் இவர்களும் கேட்டார்கள்.

சத்யன் கடைசியில் சென்னைக்கு வந்தார், இந்தியன் வங்கி அணிக்கு ஆடினார், பயிற்சியும் கொடுத்தார். 1995இல் சென்னையில் நடந்த தெற்காசிய விளையாட்டில் தங்கம் வென்ற இந்திய அணிக்கு அவர்தான் தலைவர். 2006 ஜூலை 18 அன்று பல்லாவரத்தில் ரயிலின் முன் உயிரை விட்டார். வயது 41. அவர் வாழ்க்கையை வைத்து 2018இல் மலையாளத்தில் 'கேப்டன்' என்று படம் வந்தது. படம் வந்ததில் மகிழ்ச்சிதான். ஆனால் அவர் கேரள போலீஸுக்கு எத்தனை ஆட்டம் ஆடினார் என்பதை ஒரு புத்தகத்தைத் திறந்து பார்த்துச் சொல்லும் நிலையை நாம் அவருக்குச் செய்து கொடுத்திருக்க வேண்டும்.

2017 ஏப்ரல் 1 அன்று ஸ்டேட் பேங்க் ஆஃப் திருவாங்கூர் பாரத ஸ்டேட் வங்கியோடு இணைந்தது. வங்கியின் பெயரோடு அணியின் பெயரும் போனது. 2024இல் தொடங்கிய சூப்பர் லீக் கேரளத்தில் திருவனந்தபுரம் கொம்பன்ஸ் என்ற தொழில்முறை கிளப் சந்திரசேகரன் நாயர் போலீஸ் ஸ்டேடியத்தில் ஆடி முதல் ஆண்டே அரையிறுதிக்கு வந்தது. அவர்களுடைய ஒவ்வொரு ஆட்டமும் கணினியில் ஏறிவிடுகிறது. பழைய துறை அணிகளுக்குத்தான் ஆள் இல்லை.

விஜயன் 2025இல் பத்மஸ்ரீ பெற்றார், அதே ஆண்டு போலீஸ் பணியிலிருந்து ஓய்வும் பெற்றார். அந்த அணியின் பலர் இன்று அறுபதை ஒட்டிய வயதில் நம்மிடையே இருக்கிறார்கள். கேட்டால் சொல்வார்கள். விகன் செய்ததைப் போல முதல் ஆட்டக்காரரிலிருந்து தொடங்கி ஒவ்வொருவருக்கும் ஒரு மரபு எண் கொடுத்துக் கேரள போலீஸ் ஒரு பதிவேடு வெளியிட வேண்டும். இதற்குப் பெரிய செலவு ஒன்றும் ஆகாது.

இதைப் படிப்பவர்கள் வீட்டிலோ கடையிலோ அந்த ஆண்டுகளின் துணுக்குகள், டிக்கெட், ஆட்ட மலர் ஏதாவது இருந்தால் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடாதீர்கள். படம் எடுத்து, பின்னால் தேதி எழுதி, பாளையத்திலுள்ள மாநில மத்திய நூலகத்தில் ஒரு பிரதி கொடுங்கள். இங்கிலீசுத் தேதி தெரியாவிட்டால் கொல்லம் ஆண்டு போதும்.