ஏரியும் மனையும்: சென்னையின் நில வரலாறும் கட்டட விவாதமும்

சென்னையில் ஒரு புதிய அடுக்குமாடிக் குடியிருப்போ, பேருந்து நிலையமோ, அரசு வளாகமோ எழும்போது ஒரே கேள்வி திரும்பத் திரும்ப எழுகிறது: "இந்த இடம் முன்பு என்னவாக இருந்தது?" ஏரியாக இருந்தது என்பார் ஒருவர். பட்டா இருக்கிறது, திட்ட அனுமதி இருக்கிறது என்பார் மற்றொருவர். இருவர் சொல்வதும் பல நேரங்களில் உண்மையாகவே இருக்கும். ஒரே நிலம் எப்படி ஏரியாகவும் மனையாகவும் இருக்க முடியும் என்பதை அறிய, இந்நகரின் நிலம் ஆவணங்களில் எவ்வாறு பெயர் மாறி வந்தது என்று பார்க்க வேண்டும்.

ஏரிகளின் நாடு

சென்னை நகரம் முழுவதும் வெறும் மணல்வெளியில் புதிதாக உருவானதன்று. 1639-இல் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி கடற்கரையோரத்தில் ஒரு சிறு நிலப்பகுதியைப் பெற்றது. பின்னர் திருவல்லிக்கேணி, எழும்பூர், புரசைவாக்கம், தண்டையார்ப்பேட்டை, நுங்கம்பாக்கம், வியாசர்பாடி, திருவொற்றியூர் என ஏற்கெனவே வாழ்ந்துகொண்டிருந்த ஊர்கள் ஒவ்வொன்றாகச் சேர்க்கப்பட்டன. நுங்கம்பாக்கம், வியாசர்பாடி உள்ளிட்ட ஐந்து ஊர்கள் 1708-இல் கம்பெனியிடம் வந்தன. மயிலாப்பூர் 1749-இல் சேர்ந்தது. இவற்றுள் பல வேளாண் ஊர்கள். நீருக்கு ஏரியையும் குளத்தையும் நம்பியிருந்தவை.

இவ்வூர்களைச் சூழ்ந்திருந்த செங்கல்பட்டுப் பகுதி 'ஏரி மாவட்டம்' என்றே பெயர் பெற்றது. வற்றாத ஆறு இல்லாத இந்த மண்ணில், வடகிழக்குப் பருவமழையின் சில வார நீரைத் தேக்கி வைத்தே ஆண்டு முழுவதும் பயிர் செய்ய வேண்டியிருந்தது. ஒரு ஏரி நிரம்பினால் அதன் கலிங்கு வழியே வழியும் நீர் அடுத்த ஊர் ஏரிக்குச் செல்லும். அது நிரம்பினால் அதற்கடுத்த ஏரிக்கு. இச்சங்கிலித் தொடரின் கடைசிக் கண்ணி ஆறாகவோ சதுப்பு நிலமாகவோ இருக்கும்.

இந்த அமைப்பைக் காப்பதற்கு ஊர்களிடம் ஏற்பாடும் இருந்தது. முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் ஏரி வாரியம் என்ற குழுவையும் அதற்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் முறையையும் குறிப்பிடுகின்றன. கரையைப் பலப்படுத்துதல், தூர் எடுத்தல் போன்ற பணிகளை ஊரார் சேர்ந்து செய்யும் வழக்கம் பிற்காலத்தில் 'குடிமராமத்து' எனப்பட்டது. பொதுவுடைமை என்பதால் இந்த ஊர்கள் சமத்துவமானவை என்று கொள்ளக்கூடாது. சேரி ஊருக்கு வெளியே இருந்தது. நீரில் யாருக்கு எவ்வளவு பங்கு என்பதும் சாதியையும் நிலவுடைமையையும் ஒட்டியே இருந்தது.

புறம்போக்கு என்ற சொல்

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் கோயிலுக்கு விடப்பட்ட ஊர்களின் நிலக்கணக்கைத் தரும்போது, ஊர் நத்தம், குளம், வாய்க்கால், சுடுகாடு, சேரி ஆகியவற்றை வரி கணக்கிடும் பரப்பிலிருந்து கழித்துக் காட்டுகின்றன. பயிர் செய்யாத, எனவே வரி விதிக்கப்படாத, ஆனால் ஊருக்கு இன்றியமையாத நிலம் என்பதே அதன் பொருள்.

பிற்கால வருவாய்த்துறை மொழியில் இந்த நிலங்கள் 'புறம்போக்கு' என்ற தலைப்பின் கீழ் வந்தன. ஏரிப் புறம்போக்கு, ஓடைப் புறம்போக்கு, வண்டிப்பாதைப் புறம்போக்கு, மேய்க்கால் புறம்போக்கு, சுடுகாட்டுப் புறம்போக்கு எனப் பல வகைகள். ஆங்கில ஆட்சியில் இவையனைத்தும் அரசின் சொத்து என வரையறுக்கப்பட்டன. 1905-ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டம் இதை உறுதிப்படுத்தியது. ஊரார் பொறுப்பில் இருந்த நிலம் மாவட்ட ஆட்சியர் பொறுப்புக்கு மாறியது. அத்துடன் அதன் வகையை மாற்றும் அதிகாரமும் ஊரைவிட்டுப் போனது.

வரி தராத நிலம் பயனற்ற நிலம் என்ற எண்ணமும் மெல்ல வேரூன்றியது. 'புறம்போக்கு' பேச்சு வழக்கில் வசைச் சொல்லாகவே ஆனது இதன் எச்சம் எனலாம். எண்ணூர்க் கழிமுகத்தைக் காக்கக் கோரி 2017-இல் டி. எம். கிருஷ்ணா பாடி வெளிவந்த பாடல் இச்சொல்லையே தலைப்பில் தாங்கி, அதன் பழைய பொருளை நினைவூட்டியது.

நெடிய ஏரி தியாகராய நகரானது

நில வகை மாற்றத்திற்குச் சென்னையில் மிகத் தெளிவான எடுத்துக்காட்டு இன்றைய தியாகராய நகர். நுங்கம்பாக்கம் ஏரியும் அதைத் தொடர்ந்து தெற்கே சைதாப்பேட்டை நோக்கி நீண்ட மயிலாப்பூர் ஏரியும் பழைய ஆங்கில வரைபடங்களில் 'லாங் டேங்க்' என்று குறிக்கப்பட்டன. இன்றைய அண்ணா சாலைக்கு மேற்கே கிடந்த இந்த நெடிய நீர்ப்பரப்பே அந்நாளில் நகரின் மேற்கு எல்லை போல இருந்தது.

1921-இல் சென்னையின் மக்கள்தொகை ஏறத்தாழ 5.27 லட்சம். நகரில் வீட்டு நெருக்கடி இருந்தது. சென்னை நகரமைப்புச் சட்டம் 1920-இல் வந்தது. பனகல் அரசர் தலைமையிலான நீதிக்கட்சி ஆட்சியில், 1920-களின் முற்பகுதியில் ஏரி நீர் வடிக்கப்பட்டு மாம்பலம் குடியிருப்புத் திட்டம் உருவானது. 1925-இல் மறைந்த பிட்டி தியாகராயரின் பெயர் புதிய நகருக்கு இடப்பட்டது. பனகல் பூங்கா, நடேசன் பூங்கா, உஸ்மான் சாலை, டாக்டர் நாயர் சாலை என அக்கட்சியினர் பெயர்களே வரைபடத்தை நிரப்பின. வடபகுதியில், 1925-இல் தொடங்கப்பட்ட இலயோலா கல்லூரி நுங்கம்பாக்கம் ஏரியை ஒட்டி எழுந்தது. ஏரியின் எஞ்சிய பகுதியில் வள்ளுவர் கோட்டம் கட்டப்பட்டு 1976-இல் திறக்கப்பட்டது.

ஏரி போனாலும் பெயர்கள் முழுமையாகப் போகவில்லை. நுங்கம்பாக்கத்தில் 'லேக் ஏரியா' என்ற குடியிருப்பும் 'டேங்க் பண்ட் ரோடு' என்ற சாலையும் உள்ளன. மேற்கு மாம்பலத்தில் 'லேக் வியூ ரோடு' இருக்கிறது. கரையும் ஏரியும் இல்லாத இடத்தில் ஏரிக்கரைச் சாலை இருப்பது, ஒரு நில ஆவணத்துக்குச் சமமான சான்று.

அன்றைய முடிவை இன்றைய அறிவைக் கொண்டு எளிதில் குறை கூறிவிட முடியாது. பயிர்நிலம் வீடுகளாக மாறியபின், பாசனத்துக்கென அமைந்த ஏரியால் என்ன பயன் என்று கேட்பது அக்காலத்தில் நியாயமாகவே தோன்றியிருக்கும். நகரின் குடிநீர் 1872 முதல் செங்குன்றம் ஏரியிலிருந்து வந்துகொண்டிருந்தது. நடுத்தர வகுப்புக் குடும்பங்களுக்கு வீடும் பூங்காவும் அகன்ற சாலையும் கிடைத்தன.

ஏரி செய்த இரண்டு வேலைகள்

அந்த நியாயத்தில் ஒரு குறை இருந்தது. ஏரி ஒரு வேலையை அல்ல, இரண்டு வேலைகளைச் செய்தது. வயலுக்கு நீர் கொடுத்தது. மழைக்காலத்தில் வெள்ளத்தைத் தாங்கியது. வருவாய்ப் பதிவேடுகளில் முதல் வேலைக்கு மட்டுமே கணக்கு இருந்தது. இந்த ஏரியால் இத்தனை ஏக்கர் ஆயக்கட்டு, அதற்கு இவ்வளவு தீர்வை என்று எழுதலாம். ஆனால் ஒரு மழை நாளில் எத்தனை தெருக்களை அது காத்தது என்பதற்கு எந்தப் பதிவேட்டிலும் இடமில்லை. எனவே ஆயக்கட்டு மறைந்ததும் ஏரி 'பயனற்றது' ஆனது. மழையோ எப்போதும் போலப் பெய்தது.

இந்த முறை பின்னரும் தொடர்ந்தது. நகரின் மக்கள்தொகை 1951-இல் 14 லட்சத்தைத் தாண்டியது. வீட்டுத் தேவை பெருகியபோது அரசின் கையில் எளிதாக இருந்த நிலம் ஏரிப் புறம்போக்கே. தனியாரிடம் பணம் கொடுத்து வாங்க வேண்டியதில்லை, பரப்பும் பெரியது. அதனால் குடியிருப்பு வாரியங்களின் திட்டங்கள் பல இத்தகைய நிலங்களில் அமைந்தன. முகப்பேரில் ஒரு குடியிருப்புப் பகுதியின் பெயரே 'ஏரித் திட்டம்'. வேளச்சேரி ஏரியின் ஒரு பகுதியிலும் அரசுத் திட்டங்கள் வந்தன. ஏரியை ஆக்கிரமித்தவர் யார் என்ற கேள்விக்கு அரசும் ஒரு விடை என்பதை இவை காட்டுகின்றன.

பள்ளிக்கரணை

தென்சென்னையின் ஏரிச் சங்கிலி முடியும் இடம் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம். சுற்றியுள்ள முப்பதுக்கும் மேற்பட்ட ஏரிகளின் உபரி நீர் இங்கு வந்து, ஒக்கியம் மடுவு வழியே பக்கிங்காம் கால்வாயை அடைந்து, கோவளம் கழிமுகத்தில் கடலில் கலக்கிறது. உள்ளூரில் இதைக் கழுவெளி என்பர். அரசுக் கணக்கில் இது நெடுங்காலம் தரிசாகக் கருதப்பட்டது. அதனால் பெருங்குடிக் குப்பைக் கிடங்கு, ஆய்வு நிறுவனங்கள், பறக்கும் ரயில் பாதை, சாலைகள், தகவல் தொழில்நுட்ப வளாகங்கள் என ஒவ்வொன்றாக இதற்குள்ளும் இதன் ஓரத்திலும் இடம் பிடித்தன. 2007-இல் 317 ஹெக்டேர் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. 2022-இல் சுமார் 1,248 ஹெக்டேர் பரப்பு ராம்சார் தலமானது.

இங்கு விவாதம் கூர்மையாவதற்குக் காரணம் உண்டு. பாதுகாக்கப்பட்ட பரப்பின் எல்லைக்குள் பட்டா நிலங்களும் இருக்கக்கூடும்; எல்லைக்கு வெளியே நீர் செல்லும் வழிகளும் இருக்கக்கூடும். காகிதத்தில் வரைந்த கோடும் மழைநீர் செல்லும் பாதையும் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை.

2015-ஆம் ஆண்டின் பாடம்

2015 டிசம்பர் முதல் நாள் தொடங்கிப் பெய்த மழையில், தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 செ.மீ. பதிவானது. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி நீர் திறந்துவிடப்பட்டது. அடையாற்றின் இரு கரையிலும் வீடுகள் மூழ்கின. ஏரி திறப்பைக் கையாண்ட விதத்தை இந்தியக் கணக்குத் தணிக்கைத் துறை பின்னர் குறை கூறியது. அம்மழைக்குப் பிறகுதான் 'இந்த இடம் முன்பு என்ன?' என்ற கேள்வி வரலாற்று ஆர்வலர்களைத் தாண்டி வீடு வாங்குவோரிடமும் சென்றது. 2021 நவம்பரில் தியாகராய நகர்த் தெருக்களில் நீர் தேங்கியபோது, நெடிய ஏரியின் பெயர் மீண்டும் செய்தித்தாள்களில் வந்தது.

வெளியேற்றப்படுவது யார்?

நீர்நிலைகளைக் காக்கும் சட்டங்கள் இல்லாமல் இல்லை. குளங்களும் நீர்நிலைகளும் சமுதாயத்தின் பொதுவளம் என்று உச்ச நீதிமன்றம் 2001-இல் ஹிஞ்ச் லால் திவாரி வழக்கில் கூறியது. தமிழ்நாட்டில் ஓடைப் புறம்போக்கு ஆக்கிரமிப்புகளை அகற்ற வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2005-இல் எல். கிருஷ்ணன் வழக்கில் உத்தரவிட்டது. 2007-இல் ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் இயற்றப்பட்டது.

ஆனால் சட்டம் செயல்படும்போது முதலில் அகற்றப்படுவது பெரும்பாலும் ஆற்றோரக் குடிசைகளே. பட்டா இல்லாதவரை அகற்றுவது எளிது. வகை மாற்றம் பெற்று அனுமதியுடன் கட்டியவரை அகற்றுவது கடினம். கூவம், அடையாறு கரைகளில் வாழ்ந்த பல்லாயிரம் குடும்பங்கள் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் ஆகிய மறுகுடியமர்வுப் பகுதிகளுக்கு அனுப்பப்பட்டன. இவை பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தைச் சூழ்ந்த தாழ்வான தென்பகுதியைச் சேர்ந்தவை. வெள்ள அபாயம் என்று காரணம் காட்டி அகற்றப்பட்டவர்கள், மழை வந்தால் நீர் சூழும் இன்னொரு இடத்திற்கே போய்ச் சேர்ந்தனர். அவர்களின் வேலையும் பிள்ளைகளின் பள்ளியும் பல கிலோமீட்டர் தள்ளி நின்றுபோயின. நில வரலாற்றை ஏழைகளுக்கு எதிராக மட்டும் படித்தால் அது வரலாறாகாது.

நில வரலாற்றைப் படிக்கும் முறை

ஒரு மனையின் வரலாற்றை அறிய விரும்பும் மாணவர் சில ஆவணங்களிலிருந்து தொடங்கலாம். கிராம வரைபடமும் புல வரைபடமும் எல்லையைக் காட்டும். 'அ' பதிவேடு ஒவ்வொரு புல எண்ணும் நஞ்சையா, புஞ்சையா, புறம்போக்கா என்பதைச் சொல்லும். இன்றைய பட்டாவையும் பழைய நில அளவைப் பதிவையும் ஒப்பிட்டால், வகை மாறியிருக்கிறதா என்பது புலப்படும். ஊர்ப்பெயரும் தெருப்பெயரும் உதவும்: மந்தைவெளி மாடு மேய்ந்த வெளியையும், ஸ்பர் டேங்க் சாலை மறைந்த ஏரியையும் நினைவூட்டுகின்றன. முதியோரின் நினைவும் சான்றே. ஆனால் அதை ஆவணத்தோடு ஒத்துப் பார்க்க வேண்டும்.

பட்டா ஒரு நிலம் யாருக்குச் சொந்தம் என்று மட்டுமே சொல்லும். அங்கு நீர் எங்கிருந்து வந்து எங்கே போகும் என்பதைச் சொல்லாது. கட்டட அனுமதி பற்றிய விவாதங்களில் ஒரு தரப்பு உரிமையைப் பேச, மறுதரப்பு நீரைப் பேசுவதால்தான் இருவரும் உண்மை சொல்லியும் முடிவு கிடைப்பதில்லை.

நிறைவாக

தியாகராய நகரை மீண்டும் ஏரியாக்க முடியாது. அப்படி யாரும் கேட்கவும் இல்லை. ஆனால் அந்த ஏரி தாங்கிய நீருக்கு இன்று வேறு வழி வேண்டும் என்பதை அதன் வரலாறு சொல்கிறது. 2011-இல் சென்னை மாநகராட்சியின் பரப்பு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்தது. புதிதாகச் சேர்ந்த ஊர்களிலும், அவற்றுக்கு அப்பால் மனைகளாகிவரும் ஊர்களிலும் ஏரிகள் இன்னும் இருக்கின்றன. அவற்றுள் பலவற்றுக்கு இன்று ஆயக்கட்டு இல்லை. நூறு ஆண்டுகளுக்கு முன் மாம்பலத்தில் எழுந்த அதே கேள்வி இப்போது அவற்றின் கரையில் நிற்கிறது. ஏரியின் இரண்டாவது வேலையையும் கணக்கில் எழுதிய பிறகே அதற்கு விடை சொல்வது முறையாகும்.