வீதிகள் உரைக்கும் சாட்சியம்

பூமியில் நடந்து சென்று, முன் வாழ்ந்தோரின் முடிவைக் காணுமாறு திருமறை பலவிடங்களில் பணிக்கின்றது. ஏட்டைப் படிப்பது ஒன்று; ஊரைக் காலால் நடந்து படிப்பது மற்றொன்று. இவ்வெண்ணத்துடன் விருதுநகரிலிருந்து நண்பர் சிலரோடு புதுச்சேரி சென்ற நாம், ஒரு வழிகாட்டியின் பின்னே அந்நகரின் பழைய வீதிகளில் ஒரு காலைப் பொழுது முழுவதும் நடந்தோம்.

1674இல் பிரான்சுவா மார்த்தேன் நிலைப்படுத்திய குடியேற்றம் அது. 1693இல் டச்சுக்காரர் அதனைக் கைப்பற்றினர். 1699இல் திருப்பிக் கொடுத்தனர். இடைப்பட்ட ஆண்டுகளில் அவர்கள் வகுத்த நேர்கோட்டு வீதியமைப்பையே பிரெஞ்சுக்காரரும் பின்பற்றினர். கிழக்கே கடலையொட்டி வெள்ளையர் நகர். மேற்கே தமிழர் நகர். இரண்டுக்கும் நடுவே ஒரு கால்வாய். ஒருபுறம் உயர்ந்த மதிலும் பெருங்கதவும். மறுபுறம் வழிப்போக்கர் அமரத் திண்ணையும் தாழ்வாரமும். வீடுகட்டும் முறையிலேயே இரு சமுதாயங்களின் உள்ளம் தெரிகின்றது.

துய்மா வீதியில் 1855இல் எழுந்த தேவாலயத்தை வழிகாட்டி காட்டினார். நம் எண்ணமோ அவ்வீதி யார் பெயரைத் தாங்கி நிற்கிறதோ அவரிடம் சென்றது. 1740 மே மாதம் தாமல்செருவுக் கணவாயில் மராட்டியரோடு பொருது ஆர்க்காட்டு நவாப் தோஸ்த் அலி கான் மாண்டார். அவருடைய குடும்பத்தாரும், மருமகன் சந்தா சாஹிபின் குடும்பத்தாரும் புதுச்சேரியில் அடைக்கலம் வேண்டினர். ஆளுநர் துய்மா கதவைத் திறந்தார். அவர்களை ஒப்படைக்குமாறு மராட்டியத் தலைவர் ரகூஜி போன்ஸ்லே மிரட்டியும் அவர் இணங்கவில்லை. அதில் வணிகக் கம்பெனியின் ஆதாயக் கணக்கும் இருந்திருக்கலாம். எனினும் அடைந்தோரைக் கைவிடாமை எவரிடம் காணப்படினும் போற்றத்தக்கதே.

கால்வாயைக் கடந்து ரங்கப்பிள்ளை வீதிக்குச் சென்றோம். டூப்ளேயின் துபாஷியாக விளங்கிய ஆனந்தரங்கப் பிள்ளை (1709–1761) வாழ்ந்த மாளிகை அங்கே நிற்கின்றது. 1736 முதல் அவர் எழுதி வந்த தமிழ் நாட்குறிப்பு இல்லையேல், அந்நகரின் உள்வாழ்வை நாம் அறிய வழியில்லை. அதில் ஒரு நாள் நம்மை நெடுநேரம் நிறுத்தியது.

1748 செப்டம்பர் 8. ஆங்கிலேயர் நகரை முற்றுகையிட்டிருந்த வேளை. ஹிஜ்ரிக் கணக்கில் அது 1161ஆம் ஆண்டு, ரமலான் மாதத்தின் நடுப்பகுதி. வேதபுரீசுவரர் கோயில் அன்று அரசின் துணையோடு இடிக்கப்பட்டது. பள்ளிவாசலுக்கும் அக்கதி நேரவிருந்ததையறிந்த சிப்பாய்த் தலைவர் அப்துர் ரஹ்மான் ஆளுநரிடம் விரைந்து சென்றார். பள்ளியைத் தொட்டால் தம் வீரர் பொறுக்கமாட்டார் என எடுத்துரைத்தார். பள்ளி தப்பியது.

இதனைப் படித்ததும் நம் நெஞ்சு நிமிர்ந்தது உண்மை. ஆயின் அந்நிமிர்வு நெடுநேரம் நீடிக்கவில்லை. அண்டை வீட்டார் அழுதுகொண்டிருந்த அதே நாளில் அன்றோ நமக்கு அந்த ஆறுதல் கிடைத்தது? பள்ளியைக் காத்தது நியாயமன்று. ஆயுதம் தாங்கியோரின் தேவையே. மடங்களையும் கிறித்தவ, யூத ஆலயங்களையும் பள்ளிவாசல்களையும் ஒரே வரிசையில் வைத்து அவற்றின் பாதுகாப்பைப் பேசும் சூரத்துல் ஹஜ்ஜைக் கற்றுக் கொடுப்போர், கோயில் இடிந்ததைத் தவிர்த்துப் பள்ளி தப்பியதை மட்டும் எடுத்துரைப்பது முறையாகாது.

பதின்மூன்று ஆண்டுகளுக்குள் அந்த வலிமையும் அழிந்தது. 1761 ஜனவரி 16இல் நகர் ஆங்கிலேயரிடம் வீழ்ந்தது. கோட்டையும் மாளிகைகளும் தகர்க்கப்பட்டன. சிவகாசிப் பகுதியில் கருமருந்து பிழைப்புக்குரியது. அங்கு அதுவே ஓர் ஊரைத் தரைமட்டமாக்கியது. இன்று நாம் காணும் புதுச்சேரி பெரும்பாலும் 1765க்குப் பின் மீண்டும் கட்டப்பட்டதே.

வழிகாட்டி தம் நடையை அத்துடன் முடித்துக்கொண்டார். தெற்கே காஜியார் வீதியும் முல்லா வீதியும் குத்பா பள்ளியும் இருப்பதைக் குறித்து அவர் வாய் திறக்கவில்லை. நாமே வழி கேட்டுச் சென்றோம். தாழ்வாரமுள்ள பழைய வீடுகள் சில அங்கு இன்னும் நிற்கின்றன. காஜியின் பெயரால் ஒரு வீதி விளங்குவது வெறும் அலங்காரமன்று. 1819இல் பிரெஞ்சுச் சட்டங்களைப் புகுத்தியபோதும், இந்தியருக்கு அவரவர் வழக்கப்படியே தீர்ப்பு என்று அரசு ஒப்புக்கொண்டது. அவ்வழக்கத்தைப் பிரெஞ்சு ஆவணங்கள் ‘மாமூல்’ என்றே குறித்தன. அரபியின் ‘மஃமூல்’, அதாவது செயலில் நின்றுவருவது, பிரெஞ்சு நீதிமன்றம் வரை நடந்து சென்ற விந்தை இது. இன்று அச்சொல் கையூட்டைக் குறிப்பதாய்த் தாழ்ந்திருப்பது வேறு கதை.

வழிகாட்டியைக் குறை கூறிப் பயனென்ன? தம் வரலாற்றைத் தாமே எழுதாதவரைப் பிறர் எங்ஙனம் எடுத்துரைப்பார்? பிள்ளை எழுதி வைத்தார். அவர் வீதிக்கு மக்கள் வருகின்றனர். வைசியாள் வீதி வீடுகளைப் பேணினர்; 2008இல் யுனெஸ்கோ விருது வந்தது. பேணாதது என்னவாகும் என்பதற்கு, 2014 நவம்பர் மழையில் சரிந்த பழைய நகரமன்றக் கட்டடமே சாட்சி. அதனை மறுபடி கட்டி முடிக்க 2021 ஆயிற்று. கட்டடத்தை மீண்டும் கட்டலாம். கறையான் தின்ற ஏட்டை எவரால் மீண்டும் எழுத இயலும்?

விருதுப்பட்டி 1923இல் விருதுநகர் ஆனதை அறிந்த நம் பிள்ளைகளுக்குத் தம் மஹல்லாவின் பள்ளி எழுந்த ஆண்டு தெரியுமா? நிக்காஹ் பதிவேடுகளும் வக்ஃபுப் பத்திரங்களும் மையவாடிக் கல்வெட்டுகளும் நம் ஊர்களிலும் உண்டு. ஒவ்வொரு மதரஸாவும் ஆண்டில் ஒரு நாள் மாணவரை அழைத்துக்கொண்டு தன் ஊர் வீதிகளில் நடக்கட்டும். கண்டதை எழுதி வைக்கட்டும். நமக்குப் பெருமை தருவதை மட்டுமன்று, அண்டை வீட்டாரின் துயரையும் சேர்த்தே எழுதட்டும். சாட்சியம் சொல்வோன் பாதியை மறைத்தல் ஆகாது என்பதே நாம் கற்ற பாடம்.