'சன்ஷவர்ஸ்': எம்.ஐ.ஏ.வின் பாட்டை எம்டிவி ஏன் மறுத்தது?

ஜனக்புரி வெஸ்ட்டில் ப்ளூ லைனில் இறங்கி மெஜந்தா லைன் பிடிப்பதற்குள் கேட்டு முடித்துவிடலாம். மூணு நிமிஷச் சொச்சப் பாட்டுதான். ஆனா 2004-ல் வெளியான 'சன்ஷவர்ஸ்' கிளப்பிய கேள்வி இன்னும் முடியலை: அரசியல் பேசும் ஒரு கலைஞரை அவர் பாட்டை வச்சு எடை போடுவதா, அப்பாவை வச்சா?

யார் பாடியது?

மாதங்கி 'மாயா' அருள்பிரகாசம், மேடைப் பெயர் எம்.ஐ.ஏ. 1975-ல் லண்டனில் பிறந்து, யாழ்ப்பாணத்தில் வளர்ந்து, போர் காரணமா சிறுமியாகவே அகதியா லண்டன் திரும்பியவர். 2005 மார்ச்சில் வந்த முதல் ஆல்பம் 'அருளர்'. ராக் இல்லை, ஹிப்-ஹாப், டான்ஸ்ஹால், எலக்ட்ரானிக் கலவை. ஆனா ராக்கின் கலகக் குரல் அதில் உண்டு. பிரிட்டனின் மெர்க்குரி பரிசுக்கும் பரிந்துரையானது.

என்ன சர்ச்சை?

கோரஸ், 1976-ல் வந்த ஒரு அமெரிக்க டிஸ்கோ பாட்டிலிருந்து எடுத்தது. கேட்க இதமா இருக்கும். நடுவில் வரும் வரிகள்தான் வேறு. பழகும் ஆட்களை வைத்தே சந்தேகிக்கப்பட்டு ஒருவர் சுட்டுக் கொல்லப்படுகிறார். பாலஸ்தீன விடுதலை இயக்கமான பி.எல்.ஓ. பெயரும் வருகிறது. அந்தக் குறிப்பையும் துப்பாக்கிச் சத்தத்தையும் நீக்கச் சொன்னது எம்டிவி. மாயா மறுத்தார். தென்னிந்தியக் காட்டில் எடுத்த அந்த வீடியோவை எம்டிவி ஒளிபரப்பவில்லை.

இது புலிகளின் பாட்டா?

ஆல்பம் அட்டையில் புலிகளும் டாங்கிகளும் இருந்ததால் இந்தக் கேள்வி வந்தது. 'அருளர்' என்பது அவர் அப்பாவின் இயக்கப் பெயர். அப்பா இருந்தது ஈரோஸ் அமைப்பில், விடுதலைப் புலிகளில் இல்லை. ஆனாலும் 'புலியின் மகள்' என்ற முத்திரை ஒட்டிக்கொண்டது. தலைப்பை மாற்றச் சொல்லி அப்பாவே மின்னஞ்சல் அனுப்பியும் மாயா மாற்றவில்லை. அடுத்த ஆல்பத்துக்கு அம்மா பெயர்: 'கலா'.

எதிர்த்தரப்பு வாதத்தையும் ஒதுக்க முடியாது. ஆயுதப் போராட்ட அடையாளங்களை ஃபேஷனாக்கினால், அந்த ஆயுதங்களால் செத்த சாதாரண மக்கள் எங்கே போனார்கள் என்பது நியாயமான கேள்வி. ஆனா அதைப் பாட்டைக் கேட்டுவிட்டுத்தான் கேட்கணும்.

அப்புறம்?

'கலா'வில் வந்த 'பேப்பர் பிளேன்ஸ்' பாட்டிலும் துப்பாக்கிச் சத்தத்தை எம்டிவி மாற்றியது. அதே பாட்டு கிராமிக்குப் பரிந்துரையானது. ஏ.ஆர்.ரஹ்மானுடன் செய்த 'ஓ... சாயா' ஆஸ்கர் பரிந்துரை வரை போனது.

பழகும் ஆட்களை வைத்தே ஒருவருக்கு முத்திரை குத்துவதைப் பற்றித்தான் 'சன்ஷவர்ஸ்' பாடியது. பாடியவருக்கும் அதுதான் நடந்தது.