அட்டவணை வந்த வழி

பைத்தான் மொழியில் நாலு வரி எழுதினால் போதும், அமெரிக்காவில் ‘ஃபேன்டஸி ஃபுட்பால்’ ஆடும் நம் பழைய மாணவர்களின் லீக்கில் எந்த வாரம் யாருக்கும் யாருக்கும் மோதல் என்ற அட்டவணை வந்துவிடும். அந்த நாலு வரிக்குப் பின்னால் அறுபது வருஷக் கதை இருக்கிறது.

1962-இல் நியூயார்க் ஹோட்டல் ஒன்றில் பில் விங்கன்பாக்கும் நண்பர்களும் உட்கார்ந்து பேசி உருவாக்கிய விளையாட்டு இது. நிஜ வீரர்களைக் காகிதத்தில் பங்கு பிரித்துக்கொள்வது. அவர்கள் களத்தில் சாதிப்பதே நமக்குப் புள்ளி. (ஃபுட்பால் என்றால் அவர்களுடைய முட்டைப் பந்து, நம்ம கால்பந்து இல்லை!) 1963-இல் ஓக்லாந்தில் முதல் லீக் தொடங்கியபோது கணக்கெல்லாம் கையால்தான்.

நமக்கு அந்தப் பித்து கிரிக்கெட்டில். 1993-இல் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் இருந்த சைமன் கிங் கிரிக்இன்ஃபோவைத் தொடங்கினார். இணைய அரட்டை அறையில் ஒரு நிரல் காத்திருக்கும். ஸ்கோர் கேட்டால் சொல்லும். தகவலைத் தட்டச்சு செய்து ஏற்றியவர்கள் ஊர் விட்டு ஊர் போன மாணவர்களும் ரசிகர்களும். சென்னை ஐ.ஐ.டி.யில் படித்துவிட்டு கார்னெல் போன பத்ரி சேஷாத்ரியும் அதை வளர்த்தவர்களில் ஒருவர். பத்துப் பைசா வாங்காமல் பலர் செய்த வேலை 2003-இல் விஸ்டன் கைக்கும், 2007-இல் ஈஎஸ்பிஎன் கைக்கும் போயிற்று. எனக்கு இது இன்னும் உறுத்தத்தான் செய்கிறது.

ஃபேன்டஸி லீக்குகளை நடத்துவதும் அதே ஈஎஸ்பிஎன்தான். வெளியார் நிரல்களுக்குத் திறந்திருந்த வாசலை 2014-இல் மூடிவிட்டார்கள். இன்றைய லைப்ரரிகள், தளம் தனக்குத்தானே பயன்படுத்தும் உள்வழியைக் கண்டுபிடித்து ஆர்வலர்கள் எழுதியவை. ஒண்டிக்கடையில் நின்று சேலம் பஸ் எப்போ என்று கேட்டால் பக்கத்துக் கடைக்காரர் சொல்லிவிடுவார் இல்லீங்களா? அவர் பஸ் விடுகிறவர் அல்ல. டெப்போவில் நேரத்தை மாற்றினால் அவருக்கு யாரும் சொல்லியனுப்ப மாட்டார்கள். லைப்ரரியின் கதியும் அதுவே. நேற்று ஓடிய நிரல் இன்று ஓடாது.

மாணவர்களுக்கு ஒன்று. நண்பர்கள் மட்டும் ஆடும் தனி லீக் என்றால், பிரவுசரில் தங்கும் இரண்டு குக்கீகளை லைப்ரரி கேட்கும். அவை வீட்டுச் சாவி மாதிரி. நிரலோடு சேர்த்து ஊரறியப் போட்டுவிடாதீர்கள். கிடைத்த அட்டவணையை உடனே ஒரு கோப்பில் சேமித்தும் வையுங்கள். காசு வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களை நடத்த 2025-ஆம் ஆண்டுச் சட்டம் இந்தியாவில் தடை போட்டிருப்பதும் நினைவிருக்கட்டும்.

கிரிக்கெட் போதும் என்பவர்களுக்குக் கவலையில்லை. 2009-இல் தொடங்கிய ஸ்டீஃபன் ரஷ்ஷின் கிரிக்ஷீட்டில், ஆட்டங்களைப் பந்து பந்தாக யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம்.