மிகுதிக் குறைமை உள்ளடங்க

வீட்டுமனை வாங்குவோர் பலர் பத்திரத்தைப் படிக்கும் அளவுக்கு நிலத்தைப் படிப்பதில்லை. தாய்ப் பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா மூன்றும் ஒத்திருந்தால் நிறைவடைந்துவிடுகின்றனர். தாள்கள் கூறும் மனைதான் வேலிக்குள் கண்முன் கிடக்கும் மனையா என்னும் வினாவுக்கு அத்தாள்களில் விடை இல்லை. இவ்வினா புதிதன்று. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நம் நில ஆவணங்கள் இதனை எதிர்கொண்டுள்ளன.

சோழர், பாண்டியர் காலத்து நிலவிலைக் கல்வெட்டுகளைப் பயில்வோர்க்கு அவற்றின் அமைப்புப் பழக்கமானது. கீழ்பாற்கெல்லை, தென்பாற்கெல்லை, மேல்பாற்கெல்லை, வடபாற்கெல்லை என நான்கெல்லையும் வரும்; இன்னாருடைய நிலத்துக்கு மேற்கு, இன்ன வாய்க்காலுக்கு வடக்கு என்று அவை விரியும். பரப்பு வேலியில் தொடங்கி மா, காணி, முந்திரி, கீழ்முந்திரி எனக் கீழிறங்கும். முந்திரி என்பது 320இல் ஒரு பங்கு. இத்தனை நுணுக்கமாகக் கணக்கிட்ட பின்னரும், 'மிகுதிக் குறைமை உள்ளடங்க' என்றொரு தொடரைப் பல ஆவணங்களில் காண்கிறோம். சொன்ன அளவினும் கூடினும் குறையினும், நான்கெல்லைக்குள் அகப்பட்டதே விற்ற நிலம் என்பது அதன் பொருள்.

அளக்கத் தெரியாதவர்கள் எழுதிய தொடரன்று இது. முதலாம் இராசராசன் காலத்தில் 1001ஆம் ஆண்டளவில் சோழ நாடு அளக்கப்பட்டது. அப்பணியை நடத்திய அதிகாரி 'உலகளந்தான்' என்னும் பட்டம் பெற்றார். முதலாம் குலோத்துங்கன் 1086இல் மீண்டும் அளந்தான். எனினும் கோல்கள் இடத்துக்கு இடம் வேறுபட்டன. பதினாறு சாண் கோலும் பன்னிரண்டடிக் கோலும் பதினெட்டடிக் கோலும் வழங்கின. ஊரார் ஐயம் தீரக் கோயிற் சுவரிலும் அதிட்டானத்திலும் கோலின் நீளத்தை வெட்டிவைத்தனர். கோல் மாறினால் எண் மாறும், வாய்க்கால் மாறாது என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.

ஆகவே, எல்லையை எழுதியதோடு அவர்கள் அமையவில்லை. நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்துக்கு ஆனைமங்கலத்தைக் கொடையளித்தபோது, பிடி, அதாவது பெண்யானை, ஊரெல்லையைச் சுற்றி நடந்ததைச் செப்பேடு பதிவு செய்கிறது. எல்லை நெடுகக் கல்லும் கள்ளியும் நடுவது அக்கால வழக்கம். ஊரறிய நடந்து காட்டிய எல்லையே ஆவணத்தில் ஏறியது.

எண்ணுக்குத் தனி அதிகாரம் வந்தது ஆங்கிலேயர் காலத்தில். 1794இல் சென்னையில் நில அளவைப் பள்ளி தொடங்கப்பட்டது. பின்னாளில் கிண்டிப் பொறியியற் கல்லூரியாக வளர்ந்தது அதுவே. 1802இல் லாம்டன் பரங்கிமலை அருகே அடிக்கோட்டை அளந்தார். வயல்களுக்கு 66 அடிச் சங்கிலி வந்தது. நூறு கண்ணிகள் கொண்ட அச்சங்கிலியின் கணக்கில் 1,000 சதுரக் கண்ணி ஒரு செண்டு. புல எண்ணும் புலப்படமும் அளவைக் கல்லும் நிலைபெற்றன. 1923ஆம் ஆண்டின் நில அளவை, எல்லைச் சட்டம் இவற்றுக்கு வலுவூட்டியது.

இன்றைய சிக்கல் இங்குதான் உள்ளது. நாம் விலை கொடுப்பது எண்ணுக்கு, பெறுவதோ எல்லையை. கிரயப் பத்திரத்தின் சொத்து விவரத்தில் சக்குபந்தியும் பரப்பும் சேர்ந்தே எழுதப்படுகின்றன. இரண்டும் முரண்பட்டால், எல்லைகள் தெளிவாயிருக்கும்போது எல்லைக்கே முதன்மை தருவது நீதிமன்றங்களின் பொது வழக்கம். பழைய தொடர் மறைந்துவிட்டது. அதன் கருத்து மறையவில்லை. கிழமேல் 40 அடி, தென்வடல் 60 அடி கொண்ட ஒரு கிரவுண்டு மனையில் பக்கத்துச் சுவர் நெடுக ஓரடி உள்ளே வந்திருந்தால் 60 சதுர அடி குறையும். சதுர அடி 5,000 ரூபாய் எனக் கொண்டால் இழப்பு மூன்று இலட்சம். பதிவு அலுவலகம் இதனைக் கண்டு சொல்லாது. ஆவணத்தைப் பதிவதே அதன் பணி. மனையை அளந்து உறுதி செய்வதன்று.

எனவே கிரயத்துக்கு முன்பே, பட்டாதாரரான விற்பவரைக் கொண்டு நில அளவைக்கு விண்ணப்பிக்கச் செய்ய வேண்டும். விண்ணப்பமும் கட்டணமும் இன்று இணைய வழியே செல்கின்றன. சர்வேயர் புலப்படத்து அளவுகளைத் தரையில் அளந்து காட்டும்போது பக்கத்து மனைக்காரர்களும் உடனிருத்தல் நன்று. பிற்காலத்து வழக்குகள் பெரும்பாலும் அவர்களோடுதான். பட்டா கூட்டுப் பட்டாவாக இருந்து, உட்பிரிவு செய்யப்படாதிருந்தால், வாங்கவிருக்கும் துண்டுக்குப் புலப்படத்தில் கோடே இராது. அந்நிலையில் உட்பிரிவு முடியும்வரை பொறுத்திருப்பதே அறிவுடைமை. குறைவு தெரியவந்தால் விலையைத் திருத்தலாம், அல்லது விலகலாம். பத்திரம் பதிந்த பின் இவ்விரு வழிகளும் எளிதாக இரா.

தனியார் அளவர் தரும் வரைபடமும் பயனுடையதே. ஆயினும் அவர் அளப்பது பெரும்பாலும் இருக்கும் வேலியை. வேலி தவறான இடத்தில் இருந்தால் தவற்றையே துல்லியமாக அளந்திருப்பார். புலப்படத்தோடு ஒப்பிட்டு, கற்கள் உரிய இடத்தில் இருக்கின்றனவா என்று பார்த்த பின்னரே அவ்வளவு நம்பத்தக்கதாகும்.

மிகுதியும் குறைமையும் அன்று ஒளிவின்றி ஆவணத்தில் எழுதப்பட்டன. வாங்குபவனும் அறிந்தே வாங்கினான். இன்று அவற்றை எழுதுவார் இல்லை. முன்பணம் கொடுக்குமுன் நான்கெல்லையையும் ஒருமுறை நடந்து வருபவரே அவற்றை அறிகிறார்.