ஆறு மீட்டர்க் குழாயும் ஒரு கண்ணாடி ஊசியும்

பங்குனி உத்திரத்தன்று சிங்கப்பூரின் ஈசூனில் உள்ள புனிதமரம் ஸ்ரீ பாலசுப்பிரமணியர் ஆலயத்துக்குப் பால்குடம் எடுத்து வருபவர்களில் பிள்ளை வரம் வேண்டி வருபவர்களும் உண்டு. பெரும்பாலும் அந்தக் குடம் மனைவியின் தலையில்தான் இருக்கும். விரதமும் அவளுடையது. கல்யாண வீட்டிலும் வளைகாப்பு வீட்டிலும் "இன்னும் விசேஷம் இல்லையா?" என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவளும் அவளே. மருத்துவம் சொல்லும் கணக்கு வேறு. குழந்தையில்லாத தம்பதிகளில் ஏறக்குறையப் பாதிப் பேரிடம் ஆண் பக்கத்திலும் ஏதோ ஒரு காரணம் இருக்கிறது. அந்தப் பாதிக்கு வழி தேடிய முயற்சியில் சிங்கப்பூருக்குப் பெரிய பங்கு உண்டு. யாழ்ப்பாணத்திலிருந்து இங்கே வந்து சேர்ந்த ஒரு மருத்துவருக்கும் உண்டு. விந்தணுவை ஊசியால் கருமுட்டையிடம் கொண்டு சேர்க்கும் முறை பிறந்த கதை இது. ஊசி எதற்காகத் தேவைப்பட்டது என்பது புரிய, முதலில் ஆணின் உடலில் உள்ள ஒரு நீண்ட குழாயைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

விந்தகத்தின் பின்புறத்தில் மேலிருந்து கீழாகப் பிறை வடிவில் ஒட்டியிருக்கும் உறுப்பு எபிடிடிமிஸ். விரலால் தடவிப் பார்த்தால் மெத்தென்ற மேடாகத் தட்டுப்படும். ஐந்தாறு சென்டிமீட்டர் நீளம்தான். ஆனால் முழுவதும் ஒரே குழாயின் சுருள். நூற்கண்டைப் பிரிப்பதுபோல் பிரித்து நீட்டினால் சுமார் 6 மீட்டர் வரும். இதைத் தலை, உடல், வால் என மூன்று பகுதிகளாகப் பிரிப்பார்கள். விந்தகத்திலிருந்து பத்துப் பன்னிரண்டு சிறு குழாய்கள் தலைப்பகுதிக்குள் நுழைந்து ஒன்றாகின்றன. வால்பகுதி மெல்லத் தடித்து, விந்து நாளமாகி மேலேறுகிறது.

1668-இல் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரத்து மருத்துவர் ரைனியர் டி கிராஃப் ஆணின் இனப்பெருக்க உறுப்புகளைப் பற்றி ஒரு நூல் எழுதினார். விந்தகம் வெறும் சதைப்பிண்டம் அல்ல, நுண்ணிய குழாய்களின் தொகுப்பு என்று அதில் காட்டினார். அதே ஊரைச் சேர்ந்த லீவன்ஹூக் 1677-இல் தன் நுண்ணோக்கியில் விந்தணுக்கள் நெளிவதைக் கண்டார். குழாயும் தெரிந்துவிட்டது, அதில் செல்லும் உயிரணுவும் தெரிந்துவிட்டது. ஆனால் அந்தக் குழாய் எதற்காக இவ்வளவு நீளம் என்பது இன்னும் ஏறக்குறைய மூன்று நூற்றாண்டுக்குத் தெளிவாகவில்லை. விந்தணு வெளியேறும் வழி, தங்கும் கிடங்கு என்ற அளவிலேயே அதைப் பார்த்தார்கள். 1930-ஐ ஒட்டிக் கினிப்பன்றிகளை ஆராய்ந்த வில்லியம் யங், விந்தணு முதிர்வதற்கு நேரம்தான் முக்கியம், குழாயின் பங்கு பெரிதல்ல என்று எண்ணினார். 1967-இல் ஜே. மைக்கேல் பெட்ஃபர்ட், மேரி-கிளேர் ஒர்ஜபான்-கிறிஸ்ட் இருவரும் முயல்களை வைத்துத் தனித்தனியே செய்த ஆய்வுகள் அந்த எண்ணத்தை மாற்றின. எபிடிடிமிஸின் தலைப்பகுதியிலிருந்து எடுத்த விந்தணுவால் கருமுட்டையைக் கருவுறச் செய்ய முடியவில்லை. கீழே போகப் போக அந்தத் திறன் கூடியது. விந்தணுவை ஆளாக்குவது அந்தக் குழாய்தான் என்பது உறுதியானது.

விந்தகத்தில் ஒரு விந்தணு உருவாக இரண்டு மாதத்துக்கு மேல் ஆகிறது. அப்படி உருவாகி வெளியே வரும்போது அதற்குத் தலையும் வாலும் இருக்கும். நீந்தத் தெரியாது, கருமுட்டையை அடையாளம் காணவும் தெரியாது. சிறு குழாய்களைக் கடக்கும்போதே, தங்களைச் சுமந்து வந்த திரவத்தில் பெரும்பகுதியை இழந்து விந்தணுக்கள் அடர்த்தியாகின்றன. அதன்பின் சுருளுக்குள் பல நாள் பயணம். குழாயின் உட்சுவரில் உள்ள அணுக்கள் ஒவ்வொரு பகுதியிலும் வெவ்வேறு புரதங்களைச் சுரக்கின்றன. அவை விந்தணுவின் மேற்பரப்பில் படிந்து அதை மாற்றி அமைக்கின்றன. நுண்ணிய குமிழிகளில் அடைத்துச் சில புரதங்களையும் மரபுச் செய்திகளையும் கைமாற்றுகின்றன. வேறு சில அணுக்கள் திரவத்தை அமிலத்தன்மையோடு வைத்திருக்கின்றன. அந்த அமிலத்தில் விந்தணு சக்தியை வீணாக்காமல் அடங்கிக் கிடக்கும். விந்தணுவின் கழுத்தில் ஒட்டியிருந்த மிச்சத் துளி பின்னோக்கி நகர்ந்து உதிர்கிறது. குழாயின் வால்பகுதியை அடையும்போது விந்தணு முன்னேறி நீந்தும் ஆற்றலைப் பெற்றுவிடுகிறது. அங்கே உடலின் மற்ற பகுதியைவிடக் குறைந்த வெப்பத்தில் காத்திருக்கிறது.

இரு பக்கமும் இந்தக் குழாயிலோ விந்து நாளத்திலோ ஓர் இடத்தில் அடைப்பு விழுந்தால் போதும், மேலே விந்தணு உற்பத்தியாகிக்கொண்டே இருந்தாலும் விந்தில் ஒன்றுகூட இருக்காது. பால்வினை நோய்த்தொற்று, காசநோய், பழைய கருத்தடை அறுவை எனக் காரணங்கள் பல. சிலருக்குப் பிறவியிலேயே இரு பக்கமும் விந்து நாளம் இருக்காது. அந்த மனிதரின் தாம்பத்தியத்தில் எந்தக் குறையும் இருக்காது, உடலில் வலியும் இருக்காது. அதனால்தான் குறை தன்னிடம் இருக்கலாம் என்று பலர் நினைப்பதே இல்லை. மனைவியை மட்டும் ஒவ்வொரு மருத்துவமனையாக அழைத்துச் செல்வார்கள்.

இனிக் கதை சிங்கப்பூரின் தேக்கா வட்டாரத்துக்கு வருகிறது. கண்டாங் கெர்பாவ் மருத்துவமனை 1924-இல் மகப்பேற்று மருத்துவமனையானது. 1966-இல் மட்டும் அங்கே 39,835 குழந்தைகள் பிறந்தார்கள். ஒரே ஆண்டில் ஒரே மருத்துவமனையில் அத்தனை பிரசவம் என்று கின்னஸ் நூலில் இடம்பெற்றது. சிங்கப்பூர் அப்போது பிள்ளைப்பேற்றைக் குறைக்கப் பாடுபட்ட நாடு. அதே 1966-இல் குடும்பக் கட்டுப்பாட்டு வாரியம் அமைந்தது. 1970-களில் இரண்டு பிள்ளைகளோடு நிறுத்துங்கள் என்ற சுவரொட்டிகள் எங்கும் இருந்தன. நாடே பிறப்பைக் குறைக்கச் சொன்ன காலத்தில், ஒன்றுகூட இல்லையே என்று அழுத தம்பதிகளின் குரல் எவ்வளவு சன்னமாகக் கேட்டிருக்கும்!

அந்தக் குரலைக் கேட்டவர்களில் ஒருவர் பேராசிரியர் எஸ். எஸ். ரத்னம். 1928-இல் யாழ்ப்பாணத்தில் பிறந்து, இலங்கையில் மருத்துவம் படித்து, சிங்கப்பூருக்கு வந்தவர். பல்கலைக்கழகத்தின் மகப்பேற்று, மகளிர் மருத்துவத் துறைக்கு நெடுங்காலம் தலைமை வகித்தார். 1978-இல் இங்கிலாந்தில் உலகின் முதல் சோதனைக் குழாய்க் குழந்தையான லூயிஸ் பிரவுன் பிறந்ததும், உடலுக்கு வெளியே கருத்தரிக்க வைக்கும் முறையை இங்கே கொண்டுவர அவரும் அவருடைய குழுவும் முனைந்தார்கள். 1983 மே 19 அன்று கண்டாங் கெர்பாவ் மருத்துவமனையில் ஆசியாவின் முதல் சோதனைக் குழாய்க் குழந்தைகளில் ஒன்று பிறந்தது. அந்தக் குழுவில் இருந்த மருத்துவர் இங் சூன் சாய் கதையின் அடுத்த பகுதிக்கு உரியவர்.

சோதனைக் குழாய் முறை முதலில் பெண்களின் தடையைத்தான் நீக்கியது. கருக்குழாய் அடைத்திருந்தால் கருமுட்டையை வெளியே எடுத்துத் தட்டில் வைத்து, விந்தணுவோடு சேர்க்கலாம். ஆனால் அந்தத் தட்டிலும் ஒவ்வொரு கருமுட்டையைச் சுற்றிலும் பல்லாயிரம் நல்ல விந்தணுக்கள் வேண்டும். முட்டையைச் சூழ்ந்து கெட்டியான, ஒளி ஊடுருவும் உறை ஒன்று இருக்கிறது. அதைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகத் திறன் வேண்டும். எண்ணிக்கை மிகக் குறைந்தோ, நீந்த வலுவின்றியோ இருந்த விந்தணுக்களுக்கு அந்த உறை கடக்க முடியாத சுவராக நின்றது. கணவனின் விந்தணுவில் குறை இருந்த தம்பதிகள் 1983-க்குப் பிறகும் வெறுங்கையோடு திரும்பினார்கள்.

1985-இல் திறக்கப்பட்ட தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையில் இங் சூன் சாயும், இலங்கையிலிருந்து வந்த ஆரிஃப் போங்சோவும் இந்தச் சுவரை வேறு வகையில் அணுகினார்கள். முடியைவிட மெல்லிய கண்ணாடி ஊசியால் சில விந்தணுக்களை உறிஞ்சி, உறையைத் துளைத்து, உறைக்கும் முட்டைக்கும் இடையிலுள்ள சிறு வெளியில் விடுவது அந்த வழி. ஒரு மனிதக் கருமுட்டை ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. நுண்ணோக்கியின் கீழ் கை நடுங்காமல், முட்டையை நசுக்காமல் இதைச் செய்ய வேண்டும். 1988 அக்டோபரில் 'லான்செட்' இதழில் அந்தக் குழுவின் கட்டுரை வந்தது. உறைக்கு அடியில் விட்ட விந்தணுவால் ஒரு பெண் கருவுற்றிருப்பதை அது உலகுக்கு அறிவித்தது. ரத்னம், இங், போங்சோவுடன் ஹென்றி சதானந்தன், ஆனந்தகுமார் ஆகியோரின் பெயர்களும் அந்தக் கட்டுரையில் உண்டு. நுண்ஊசி முறையில் பிறந்த உலகின் முதல் குழந்தை என்ற பெருமையைச் சிங்கப்பூர் 1989-இல் பெற்றது.

சதானந்தன் மெல்பர்னில் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் கருமுட்டைகளையும் விந்தணுக்களையும் ஆராய்ந்தவர். சிங்கப்பூர்க் குழுவோடும் மெல்பர்ன் ஆய்வாளர்களோடும் சேர்ந்து அவர் 1991-இல் வெளியிட்ட ஆய்வு என் மனத்தை மிகவும் தொட்டது. கரு முதல்முறை இரண்டாகப் பிரியும்போது அந்தப் பிரிவை நடத்தும் மையத்துகள் தகப்பனின் விந்தணுவிலிருந்து வருகிறது என்று அது காட்டியது. ஆண் தரும் பங்கு பாதி மரபணு மட்டும் அல்ல. கரு முதலில் இரண்டாகத் தொடங்கும் இடத்திலேயே அவனுடைய அணு இருக்கிறது. பிள்ளை பிறப்பது பெண்ணின் பொறுப்பு என்று சொல்லி ஒதுங்கிக்கொள்ள இதற்குப் பிறகு ஆணுக்கு இடமே இல்லை.

சிங்கப்பூரின் முறையில் ஒரு சிக்கல் இருந்தது. உறைக்கு அடியில் சில விந்தணுக்களை விட்டால் ஒன்றுக்கு மேற்பட்டவை முட்டைக்குள் போய்விடலாம். எதுவும் போகாமலும் இருக்கலாம். பிரஸ்ஸல்ஸில் இதே முறையைச் செய்துவந்த ஜான்பியேரோ பலெர்மோ, ஒரு முறை தவறுதலாக ஊசி முட்டைக்குள்ளேயே போய்விட்டதைக் கண்டார். அந்த முட்டை கருவுற்றது. அங்கிருந்து 1992-இல், ஒரே விந்தணுவை முட்டையின் உட்பகுதியில் செலுத்தும் முறை பிறந்தது. இன்று உலகெங்கும் நடக்கும் முறை அதுதான். உறைக்கு அடியில் சிங்கப்பூர் வைத்த ஊசியே அதற்கு முந்தைய படி.

இப்போது குழாய்க்குத் திரும்பலாம். 1985-இல் மெல்பர்னில் டெம்பிள்-ஸ்மித் குழு, அடைப்பு உள்ள ஆணின் எபிடிடிமிஸிலிருந்து விந்தணுவை எடுத்துத் தட்டில் கருத்தரிக்க வைத்து ஒரு கர்ப்பத்தை உண்டாக்கியிருந்தது. ஆனால் அப்படி எடுத்த விந்தணுக்கள் குறைவு, வலுவும் குறைவு. வெற்றி அபூர்வமாகவே கிடைத்தது. ஒற்றை விந்தணுவே போதும் என்ற பிரஸ்ஸல்ஸ் முறை வந்ததும் நிலைமை அடியோடு மாறியது. 1990-களின் நடுவில் இரண்டும் இணைந்தன. அடைப்புக்கு மேலே எபிடிடிமிஸின் தலைப்பகுதியைத் திறந்தோ, தோல் வழியாக ஊசி செலுத்தியோ சில விந்தணுக்களை எடுப்பார்கள். ஒவ்வொரு முட்டைக்கும் ஒன்று.

அதில் ஓர் ஆச்சரியமும் இருந்தது. இயல்பான உடலில் வாலில்தான் திறமையான விந்தணுக்கள் இருக்கும். அடைப்பு உள்ளவர்களிடம் வாலில் தேங்கியவை முதுமையடைந்து இறந்துகிடந்தன. தலைப்பகுதியில் இருந்தவைதான் உயிர்ப்போடு அசைந்தன. அமெரிக்க அறுவை மருத்துவர் ஷெர்மன் சில்பர் இதைக் கவனித்துத் தலைப்பகுதியிலிருந்து எடுப்பதை வலியுறுத்தினார். அங்கே இன்னும் நீந்தத் தெரியாத விந்தணு கிடைத்தாலும், நீந்த வேண்டிய வேலையை ஊசி செய்துவிடுகிறது. 6 மீட்டர்க் குழாய் சொல்லிக்கொடுக்கும் பாடங்களில் சிலவற்றை ஊசி வேண்டாததாக்கிவிட்டது. ஆனாலும் பொறுப்புடன் செய்யவேண்டிய ஒன்று இங்கே உண்டு. பிறவியிலேயே விந்து நாளம் இல்லாதவர்களில் பலர் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற நோய்க்கான மரபணு மாற்றத்தைச் சுமப்பவர்கள். மனைவியும் அதைச் சுமந்தால் பிள்ளைக்கு நோய் வரக்கூடும். ஆகவே இருவருக்கும் மரபணுப் பரிசோதனை செய்துவிட்டே ஊசியைத் தொட வேண்டும்.

அடைபட்ட உறுப்பு தானே வழி தேடியதற்கும் தமிழ்நாட்டிலிருந்து ஒரு சான்று இருக்கிறது. இராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி வட்டாரத் தோல் தொழிற்சாலைகளின் குரோமியக் கழிவு நிலத்தையும் நீரையும் கெடுத்தது எல்லோருக்கும் தெரியும். சென்னைப் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் அருள்தாஸ் தலைமையிலான குழு, குரோமியம் கலந்த நீரை நாட்டுக் குரங்குகளுக்குப் பல மாதம் கொடுத்து, எபிடிடிமிஸில் என்ன நடக்கிறது என்று ஆராய்ந்து 2004-இல் வெளியிட்டது. குழாய் அடைபட்டிருந்தது, அதன் சுவரிலேயே விந்தணுக்கள் கடந்துபோக நுண்ணிய கால்வாய்கள் உருவாகியிருந்தன. வியப்பைத் தந்த அந்த ஆய்வு ஓர் எச்சரிக்கையையும் தருகிறது. நாம் குடிக்கும் தண்ணீருக்கும் நம் பிள்ளைகளுக்கும் உள்ள உறவு இவ்வளவு நெருக்கமானது.

இன்று சிங்கப்பூரில் கேகே (கண்டாங் கெர்பாவ்) மருத்துவமனையிலும், தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையிலும், சிங்கப்பூர்ப் பொது மருத்துவமனையிலும் இந்தச் சிகிச்சைகள் கிடைக்கின்றன. தகுதியுள்ள தம்பதிகளுக்குச் செலவில் 75 விழுக்காடு வரை அரசு உதவுகிறது, மெடிசேவ் எனும் மருத்துவச் சேமிப்புப் பணத்தையும் பயன்படுத்தலாம். ஆணின் பரிசோதனையோ எல்லாவற்றிலும் எளிது. ஒரு விந்துச் சோதனை, தேவைப்பட்டால் ஒரு ரத்தச் சோதனை, மருத்துவரின் விரல்கள். எபிடிடிமிஸ் வீங்கிக் கெட்டியாகத் தட்டுப்பட்டால், எங்கோ அடைப்பு இருக்கிறது என்று அனுபவமுள்ள மருத்துவர் அங்கேயே ஊகித்துவிடுவார். பெண்ணுக்குக் கருக்குழாயில் சாயம் செலுத்திப் படம் எடுப்பதும், வயிற்றைத் துளைத்துக் கருவி விட்டுப் பார்ப்பதும் அதைவிட எவ்வளவோ கடினம். எளிய சோதனையைத் தள்ளிப்போட்டு, கடினமானதை முதலில் செய்யச் சொல்வது நியாயமா?

ரத்னம் 2001-இல் மறைந்தார். அவரும் அவருடைய தோழர்களும் நமக்கு விட்டுச்சென்ற அறிவு, வேண்டுதலில் பாதியைக் கணவனும் சுமக்க வேண்டும் என்கிறது. ஓராண்டு முயன்றும் குழந்தை உண்டாகவில்லை என்றால், மனைவிக்கு முப்பத்தைந்து வயதைத் தாண்டியிருந்தால் ஆறு மாதத்திலேயே, இருவரும் ஒரே நாளில் மருத்துவரைப் பாருங்கள். முதல் சோதனை கணவனுடையதாக இருக்கட்டும். அம்மாக்களும் மாமியார்களும் அதை மகனிடம் சொல்லட்டும்.