காக்கிச் சட்டைக்குள் இருந்த தாளம்

1656இல் கொழும்புக் கோட்டை ஒல்லாந்தர் வசமானது. முற்றுகைக்குள் பசியாலும் நோயாலும் வாடிப்போன போர்த்துக்கீசர் சரணடைந்து வெளியேறினார்கள். அவர்களிடம் மிச்சமிருந்த கரையோரக் கோட்டைகளும் அடுத்தடுத்துக் கைமாறின. தோற்றவர்கள் விட்டுச் சென்ற ஒன்றை மட்டும் வென்றவர்களால் கைப்பற்ற முடியவில்லை. அது ஒரு தாளம்.

போர்த்துக்கீசர் படைவீரர்களாகவும் அடிமைகளாகவும் ஆபிரிக்கர்களைக் கொண்டுவந்திருந்தார்கள். அவர்களுடைய முழவும் ஐரோப்பியரின் வயலினும் இலங்கைக் கரையில் சந்தித்தபோது பிறந்தது 'கப்ரிஞ்ஞா' ஆட்டம். ஆறு தட்டுகளைத் துள்ளலாகச் சுற்றிவரும் தாளம் அதற்கு. மட்டக்களப்புப் பறங்கியர் தங்கள் கல்யாண வீடுகளில் அதைப் பேணினார்கள். மேற்குக் கரையில் அது வேறு உருவெடுத்தது. இரண்டு பாடகர்கள் எதிரெதிரே நின்று, கொடுத்த தலைப்பில், அந்த இடத்திலேயே அடி கட்டி மோதினார்கள். நம்மூர் எசப்பாட்டைப் போல. ஆனால் கூட்டம் கைதட்டலாமே தவிர, கூடப் பாட முடியாது. அந்தக் கதவைத் திறக்க ஒரு பொலிஸ்காரர் வரவேண்டியிருந்தது.

1914இல் பிறந்த பஸ்தியான்ஸை ஊர் அறிந்தது 'வொலி' என்றுதான். போக்குவரத்துப் பொலிஸில் வேலை; மனமெல்லாம் பாட்டில். 1940களில் அவர் ஒரு துணிச்சலான காரியம் செய்தார். அந்தப் பழைய ஆறு தட்டுத் தாளத்தில் எளிய சிங்கள வரிகளைப் பொருத்தி, எல்லோரும் சேர்ந்து பாட ஒரு பல்லவியும் வைத்தார். 'நர்ஸ் நோனா', 'ஐரின் ஜோசபின்' என்று அவர் பாட்டுகளில் அன்றாட மனிதர்கள் நடமாடினார்கள். கேட்டவர்கள் சிரித்தார்கள், சிரித்தபடியே ஆடினார்கள். பெரிய சங்கீதக்காரர்களோ முகம் சுளித்தார்கள். குடிகாரப் பாட்டு என்ற பெயர் அதன்மேல் ஒட்டிக்கொண்டது. அந்தக் கறையைத் துடைத்ததில் ஒரு தமிழ் இளைஞருக்கும் பங்குண்டு.

அவர் யாழ்ப்பாணத்து நித்தி கனகரத்தினம். 1960களின் பிற்பகுதியில் 'சின்ன மாமியே' என்று கித்தாரோடு அவர் பாடியபோது, அந்தத் தாளம் யாழ்ப்பாணப் பேச்சுத் தமிழில் துள்ளியது. இலங்கைத் தமிழ்ப் பொப் இசை அங்கே வேர்விட்டது. குடிகாரப் பாட்டு என்று ஏசப்பட்ட அதே தாளத்தில், கள்ளுக்கடைப் பக்கம் போகவேண்டாம் என்று புத்தி சொல்லும் பாட்டையும் அவர் பாடினார். ஊர் அதையும் விரும்பிக் கேட்டது. அடுத்து நின்றது பாக்கு நீரிணை.

அதைத் தாண்டவைத்தவர் ஏ. ஈ. மனோகரன். மேடையில் ஆடிப் பாடிச் சபையைத் தன்வசமாக்கும் கலைஞர். மீன் கொண்டுவந்த சேதி சொல்லும் 'சுராங்கனி' அவர் குரலில் பட்டிதொட்டியெங்கும் பரவியது. 1977இல் 'அவர் எனக்கே சொந்தம்' படத்தில் இளையராஜா இசையில் மலேசியா வாசுதேவன் அதைப் பாட, சிங்களம் அறியாத தமிழ்நாடும் முணுமுணுத்தது. மனோகரன் அங்கே 'சிலோன் மனோகர்' ஆனார். அந்த இசைக்கோ இதற்குள் நிரந்தரமாக ஒரு பெயர் அமைந்துவிட்டிருந்தது.

பைலா. இன்று கொட்டாஞ்சேனைக் கல்யாண மண்டபத்திலும் சுற்றுலா பஸ்ஸின் பின் இருக்கையிலும் கிரிக்கெட் மைதானத்திலும் அது இல்லாமல் கொண்டாட்டம் களைகட்டுவதில்லை. மூன்று நூற்றாண்டுகளுக்கு மேலாக எந்த அரசவையும் அதை ஆதரிக்கவில்லை. சனங்களைச் சிரிக்கவும் ஆடவும் வைத்த மேடைக் கலைஞர்களே கைமாற்றிக் கைமாற்றி அதைக் காப்பாற்றினார்கள். 1985இல் வொலி பஸ்தியான்ஸ் மறைந்தபோது, அவர் பல்லவி வைத்துக் கொடுத்த பாட்டு ஒரு நாட்டின் இரண்டு மொழிகளிலும் வாழ்ந்துகொண்டிருந்தது. அரசியலால் முடியாத அந்தக் காரியத்தை ஒரு போக்குவரத்துப் பொலிஸ்காரரின் தாளம் செய்துகாட்டியது.